இருபது எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது: ஹாஷ் மாற்றத்துக்கு நிரலைத் தயார் செய்யும் முழுமையான வழிகாட்டி

என் அப்பா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கிராணியாக (கணக்கராக) இருந்தவர். 1990-இல் ஐசி (அடையாள அட்டை) எண் 7 இலக்கத்திலிருந்து 12 இலக்கத்துக்கு மாறத் தொடங்கியது. அவர் மேசையில் இருந்த அச்சடித்த பாரங்களில் (படிவங்களில்) ஏழு கட்டம்தான் இருந்தது. புது எண்ணை எழுதினால் மீதி ஐந்து இலக்கம் பக்கத்தில், தொழிலாளியின் பெயர் வர வேண்டிய இடத்தில் போய் விழும். புது எண்ணை வாங்குவது பெரிய வேலையில்லை. ஏழு கட்டம் போட்ட பாரம் எங்கெங்கே கிடக்கிறது என்று தேடியதுதான் வேலை. செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு), சேமநிதிப் பாரம், கூட்டுறவுப் பங்குப் புத்தகம், கோயில் நன்கொடை ஏடு என்று தேடிக்கொண்டே இருந்தார்.

கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளிலும், அதைச் சுற்றி நாம் எழுதும் கருவிகளிலும் இப்போது நடப்பது இதே வேலைதான்: பொருள்களுக்குப் பெயர் தரும் ஷா-1 ஹாஷின் 20 பைட், ஷா-256 ஹாஷில் 32 பைட்டாகிறது. சி மொழியில் கொஞ்சம் பழக்கமும் கிட்டைத் தினமும் பயன்படுத்தும் பழக்கமும் இருந்தால் இந்த வழிகாட்டியைப் பின்தொடரலாம்.

ஏன் இந்த மாற்றம்

கிட் சேமிக்கும் ஒவ்வொரு கோப்பும் அடைவும் கமிட்டும் ஒரு ‘பொருள்’. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே பெயர் பிறக்கிறது; அப்படிக் கணக்கிட்டு வரும் பெயர்தான் ஹாஷ். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதியபோது அந்தப் பெயரை உண்டாக்க ஷா-1-ஐ எடுத்துக்கொண்டார். அது 160 பிட், அதாவது 20 பைட். ஹெக்ஸில் (பதினாறடிமான எண்முறையில்) எழுதினால் 40 எழுத்து. அதே 2005-இல் சியாவ்யுன் வாங் குழுவினர் ஷா-1-ஐ நினைத்ததைவிடக் குறைந்த உழைப்பில் உடைக்க முடியும் என்று காட்டினார்கள். 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் கூகுளும் சேர்ந்து, ஒரே ஷா-1 வரும் இரண்டு வெவ்வேறு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன. அந்தக் கோப்புகளை வெப்கிட் திட்டத்தின் சப்வெர்ஷன் (இன்னொரு பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்) களஞ்சியத்தில் சேர்த்ததும் களஞ்சியம் வேலை செய்யாமல் நின்றது. 2020 ஜனவரியில் பிரான்ஸின் கெய்த்தன் லோரோனும் சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தோமா பெய்ரினும் ஒரு படி மேலே போனார்கள். தாக்குபவர் தானே தேர்ந்தெடுத்த இரண்டு தொடக்கங்களை வைத்துக்கொண்டு ஒரே ஷா-1-ஐ வரவழைத்துக் காட்டினார்கள். இப்படி ஒரு தாக்குதலுக்கு ஏறக்குறைய 45,000 அமெரிக்க டாலர் ஆகும் என்று கணக்கிட்டார்கள்.

கிட் உடனே ஆபத்தில் விழவில்லை. ஒவ்வொரு பொருளின் முன்னாலும் வகையும் அளவும் கொண்ட ஒரு ஹெடரைச் சேர்த்துத்தான் அது ஹாஷ் எடுக்கிறது. அதனால் அந்த இரண்டு பிடிஎஃப்களும் கிட்டுக்குள் வெவ்வேறு பெயரையே பெறுகின்றன. 2017 மே மாதம் வந்த 2.13 பதிப்பிலிருந்து, இப்படிப்பட்ட மோதல் முயற்சியைக் கண்டுபிடிக்கும் ஷா-1 நிரல் இயல்பாகவே சேர்க்கப்பட்டது. இவை கால அவகாசம் கொடுத்தன. அந்த அவகாசத்தில் செய்ய வேண்டியதைத்தான் இங்கே சொல்கிறேன்.

எங்கள் ஊரில் நடந்தது

மாரியம்மன் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்கு நிரலாக்க வகுப்பு எடுக்கிறேன். பழைய செக்ரோல் புத்தகங்களையும் கோயில் கணக்கு ஏடுகளையும் ஸ்கேன் செய்து ஒரு கிட் களஞ்சியத்தில் சேர்த்து வருகிறோம். இரண்டு வன்தட்டுகளில் நகல் உண்டு. நகல்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க நான் ஒரு சிறிய கருவி எழுதியிருந்தேன்.

பிள்ளைகளில் ஒருவன் புதிய களஞ்சியம் ஒன்றை ஷா-256 (ஹெக்ஸில் 64 எழுத்து) வடிவத்தில் உருவாக்கியிருக்கிறான். கருவியை ஓட்டினான். எல்லாம் சரி என்று வந்தது.

“அண்ணே, இவ்வளவு பைலையும் ஒரு செகண்டில் பார்த்துட்டதா?” என்று கேட்டான்.

ஒரு பைலைக்கூடப் பார்க்கவில்லை. கிட் தனிப் பொருளைச் சேமிக்கும்போது பெயரின் முதல் 2 எழுத்தை அடைவின் பெயராகவும் மீதியைக் கோப்பின் பெயராகவும் வைக்கும். ஷா-1-இல் மீதி 38. என் கருவி 38 எழுத்துள்ள கோப்பைத் தேடியது. அங்கே இருந்தது 62 எழுத்துள்ள கோப்பு. கிடைக்காவிட்டால் அந்தப் பொருள் பேக் கோப்புக்குள் (பல பொருள்களைச் சேர்த்து அடைத்த கோப்பு) போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போகும்படி எழுதியிருந்தேன். நகலில் பாதி அழிந்திருந்தாலும் அது சரி என்றுதான் சொல்லியிருக்கும். பல குடும்பங்களுக்கு அவர்களுடைய தாத்தா பாட்டியின் பெயர் எழுத்தில் இருக்கும் ஒரே இடம் அந்த ஏடுகள்தான். அன்றிரவே வேலையைத் தொடங்கினேன்.

முதல் படி: இருபதைத் தேடுங்கள், அதன் வேஷங்களையும் தேடுங்கள்

எந்த ஹாஷ் வரப்போகிறது என்ற கேள்வியை இப்போது ஒதுக்கி வையுங்கள். கிட் திட்டத்தில் இந்தத் தயாரிப்பு 2015-இலேயே தொடங்கிவிட்டது. ஷா-256 என்று முடிவானது 2018-இல். புது ஹாஷின் பெயர் தெரியாமலேயே வேலையின் பெரும்பகுதியைச் செய்யலாம்.

நிரல் முழுவதிலும் கிரெப் (சொல் தேடும் கருவி) ஓட்டுங்கள். 20, 40 என்று மட்டும் தேடினால் போதாது. வேஷம் போட்டுக்கொண்டு நிற்கும் எண்கள் இவை:

41 என்பது 40 எழுத்தும் முடிவில் வரும் பூஜ்ய பைட்டும். 38 மேலே சொன்ன கோப்புப் பெயர். 46 என்பது கமிட்டின் முதல் வரி: ‘ட்ரீ’ என்ற சொல்லும் இடைவெளியும் 5, ஹெக்ஸ் 40, வரி முடிவு 1. 48 என்பது ‘பேரண்ட்’ வரி, அதே கணக்கில் 7 கூட்டல் 40 கூட்டல் 1. 24 என்பது பழைய பேக் குறியீட்டுக் கோப்பில் ஒரு பதிவின் நீளம், 4 பைட் இடமும் 20 பைட் பெயரும். 62 என்பது இண்டெக்ஸ் கோப்பில் ஒரு பதிவின் தலைப்பகுதி.

இந்த 62-இல் கொஞ்சம் நிற்க வேண்டும். அது 40 கூட்டல் 20 கூட்டல் 2. இதில் வரும் 40 ஹெக்ஸ் நீளம் இல்லை; நேரம், அளவு, உரிமையாளர் போன்ற கோப்பு விவரங்களுக்கான 40 பைட். அதைத் தொடக்கூடாது. 20-தான் ஹாஷ். ஷா-256-இல் இந்தத் தலைப்பகுதி 74 ஆகும். ஆனால் 62 என்ற அதே எண் ஷா-256-இல் கோப்புப் பெயர் நீளமாக வேறு இடத்தில் வந்து நிற்கும். அதேபோல் இப்போதைய பேக் குறியீட்டுக் கோப்பின் முடிவில் வரும் 40, இரண்டு ஹாஷ்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது: 20 கூட்டல் 20. புது ஹாஷில் அது 64 பைட். ஹெக்ஸ் நீளமும் 64 என்பதால் இரண்டையும் ஒரே பெயரால் குறித்தாலும் நிரல் ஓடும். அடுத்து வேறு ஹாஷ் வந்தாலும் ஓடும், ஏனென்றால் இரண்டும் எப்போதும் இரு மடங்குதான். ஆனால் படிப்பவருக்குப் பொய் சொல்லும் நிரலாகிவிடும். அர்த்தத்துக்கு ஏற்ற பெயரைக் கொடுங்கள்.

ஆகவே எடிட்டரில் எல்லா 20-ஐயும் ஒரே அடியாக மாற்றிவிடாதீர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். எங்கள் சின்னக் கருவியில் நாங்கள் இதைத் தாளில் செய்தோம். பிள்ளைகள் ஒருவர் வாசிக்க ஒருவர் எழுதினார்கள். இரண்டு சனிக்கிழமை பிடித்தது.

சி நிரலுக்கு வெளியேயும் பாருங்கள். தரவுத்தளத்தில் 40 எழுத்துக்கு அளவு கட்டிய நெடுவரிசை, ‘பூஜ்யம் முதல் எஃப் வரை, நாற்பது தடவை’ என்று தேடும் ரெஜெக்ஸ், இணைய முகவரியைப் பிரிக்கும் விதி எல்லாமே ஏழு கட்டம் போட்ட பாரங்கள்தான். ஹூக் ஸ்கிரிப்டுகளில் (கிட் தானாக ஓட்டும் சிறு நிரல்களில்) இரண்டை முக்கியமாகத் தேடுங்கள். புதிய கிளை வரும்போது பழைய மதிப்பாக வரும் நாற்பது பூஜ்யங்கள் ஒன்று. ஷா-256-இல் அது அறுபத்து நான்கு பூஜ்யம். 4பி825டிசி என்று தொடங்கும் வெற்று ட்ரீயின் (கோப்பே இல்லாத அடைவின்) பெயர் இன்னொன்று. பலர் இதை அப்படியே ஒட்டி வைத்திருக்கிறார்கள். வெற்றுக் கோப்பை ட்ரீ வகையாகக் கொடுத்து ஹாஷ் எடுக்கச் சொன்னால் கிட் தானே சரியான பெயரைத் தரும். கிட்டோடு வரும் மாதிரி ஹூக்கும் இப்போது அப்படித்தான் செய்கிறது.

இரண்டாம் படி: பைட் வரிசைக்கு ஒரு வகை கொடுங்கள்

எல்லாப் படியிலும் இதுதான் முக்கியம். பழைய நிரலில் பொருளின் பெயர் வெறும் பைட் பாயிண்டராகச் சுற்றிக்கொண்டிருக்கும். அது 20 பைட்டா, 32 பைட்டா, ஹெக்ஸ் எழுத்தா என்று கம்பைலருக்குத் தெரியாது. தப்பான ஒன்றைக் கொடுத்தாலும் பேசாமல் வாங்கிக்கொள்ளும்.

பைட் வரிசையை ஒரு ஸ்ட்ரக்டுக்குள் வையுங்கள். கிட்டில் அதற்கு ஆப்ஜெக்ட்-ஐடி என்று பெயர். பிரையன் கார்ல்சன் 2015-இல் அதைக் கொண்டுவந்து, பின்வந்த ஆண்டுகளில் நிரலை அதற்கு மாற்றும் வேலையைப் பெரும்பாலும் தானே சுமந்தார். உள்ளே இருப்பது அதே பைட்டுகள். ஓட்டத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் இனி யாராவது வெறும் பாயிண்டரைக் கொடுத்தால் கம்பைலர் கத்தும். அந்தக் கத்தல்தான் உங்கள் அடுத்த வேலைப் பட்டியல்.

எங்கிருந்து தொடங்குவது? முதலில் ஒரு ஸ்ட்ரக்டின் உறுப்பையோ ஒரு உள்ளூர் மாறியையோ மாற்றுங்கள். அதை வாங்கும் ஃபங்க்‌ஷன்கள் இன்னும் பழைய வகையைக் கேட்டால் தற்காலிகமாக உள்ளே இருக்கும் பைட் வரிசையை எடுத்துக் கொடுங்கள். பார்க்க அழகாக இருக்காது, பரவாயில்லை. ஒரு ஃபங்க்‌ஷனை அழைக்கும் எல்லோரும் இப்படி மாறிய பிறகு அந்த ஃபங்க்‌ஷனையே மாற்றி, தற்காலிகமானவற்றை எடுத்துவிடுங்கள். கித்தா (ரப்பர்) மரத்தை வெட்டிச் செம்பனை போடும்போது முழுத் தோட்டத்தையும் ஒரே வருடத்தில் மொட்டையடிக்க மாட்டார்கள். ஒரு பகுதியில் கன்று நடும்போது மற்றப் பகுதியில் பால் எடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஒவ்வொரு கமிட்டுக்குப் பிறகும் நிரல் கம்பைல் ஆக வேண்டும், சோதனைகள் எல்லாம் தேற வேண்டும், வெளியே தெரியும் நடத்தை மாறவே கூடாது.

ஒரே மாதிரியான மாற்றங்களுக்குக் கிட் திட்டம் காக்சினெல் என்ற கருவியைப் பயன்படுத்துகிறது. இந்த வடிவத்தைக் கண்டால் அந்த வடிவமாக்கு என்று விதி எழுதினால் நிரலின் அமைப்பைப் புரிந்துகொண்டு மாற்றும். உங்கள் திட்டம் பெரிதென்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். கருவி செய்த மாற்றத்தையும் நீங்கள் யோசித்துச் செய்த மாற்றத்தையும் ஒரே கமிட்டில் கலக்காதீர்கள். சரிபார்ப்பவர் ஆயிரம் வரி இயந்திர மாற்றத்துக்கு நடுவில் உங்கள் ஒரு வரி முடிவைத் தவறவிடுவார்.

மூன்றாம் படி: நினைவகம் வேறு, வட்டு வேறு

நான் அதிக நேரம் மாட்டிக்கொண்டது இங்கேதான். நினைவகத்தில் உள்ள ஸ்ட்ரக்ட் வரக்கூடிய மிகப் பெரிய ஹாஷுக்கு இடம் வைத்திருக்கும், 32 பைட். வட்டில் ஷா-1 களஞ்சியம் 20 பைட்தான் எழுதியிருக்கும். ஆகவே இரண்டு அளவு வேண்டும்: இடம் ஒதுக்குவதற்கு உச்ச அளவு, படிக்கவும் எழுதவும் இந்தக் களஞ்சியத்தின் அளவு. இவற்றுக்கு வெவ்வேறு பெயர் வையுங்கள், ஒருபோதும் குழப்பாதீர்கள்.

வட்டிலிருந்து வந்த பைட்டுகளின் மேல் ஸ்ட்ரக்ட் பாயிண்டரைப் போட்டுப் படிப்பது பழைய சி பழக்கம். இனி அது ஆபத்து. 20 பைட் இருக்கும் இடத்தில் 32 படித்தால் அடுத்த பதிவின் பைட்டுகளும் சேர்ந்து வரும், கோப்பின் கடைசிப் பதிவில் எல்லையைத் தாண்டிப் போகும். படிப்பதற்கென்று ஒரு ஃபங்க்‌ஷன் எழுதி அதன் வழியாக மட்டும் படியுங்கள். அது மீதி 12 பைட்டையும் பூஜ்யமாக்கட்டும். இல்லாவிட்டால் ஒரே பெயர் கொண்ட இரண்டு ஸ்ட்ரக்டுகள், பின்னால் கிடக்கும் குப்பையால் வெவ்வேறாகத் தெரியும். தேடல் அட்டவணையில் இருக்கும் பொருளே இல்லை என்று வரும். அதுவும் எப்போதாவதுதான் வரும்.

ஹெக்ஸ் படிப்பதற்கும் இதே வழிதான். படித்து முடித்த இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஃபங்க்‌ஷனாக எழுதுங்கள். கிட்டில் பார்ஸ்-ஓஐடி-ஹெக்ஸ் அப்படித்தான் செய்கிறது. அழைப்பவர் இனி ‘இங்கிருந்து 40 தள்ளிப் போ’ என்று எழுத வேண்டியதில்லை. முதல் படியில் பிடித்த 46-உம் 48-உம் இந்த ஒரு மாற்றத்திலேயே மறைந்துவிடும்.

ஒப்பிடுவதற்கு நேரடி மெம்கம்ப் வேண்டாம். ‘சமமா’ என்று கேட்க ஒன்று, ‘வரிசையில் எது முந்தி’ என்று கேட்க ஒன்று என இரண்டு ஃபங்க்‌ஷன் வையுங்கள். கிட்டில் இதற்கு வேகமும் ஒரு காரணம். நீளம் 20 என்று கம்பைலருக்குத் தெரிந்தவரை அது ஒப்பீட்டைச் சில கட்டளைகளாகச் சுருக்கியது. நீளம் ஓட்டத்தில் தெரியும் மாறியாக ஆனதும் வேகம் குறைந்தது. 32-ஆ என்று பார்த்து 32-க்கு ஒரு அழைப்பு, இல்லாவிட்டால் 20-க்கு ஒரு அழைப்பு என்று மாறிலிகளாகவே பிரித்து எழுதிச் சரிசெய்தார்கள்.

நான்காம் படி: ஹாஷுக்கு ஒரு அட்டவணை

இப்போது ஹாஷைப் பற்றிய எல்லா விவரத்தையும் ஒரே ஸ்ட்ரக்டில் சேருங்கள்: பெயர், பைட் நீளம், ஹெக்ஸ் நீளம், தொடங்கும் ஃபங்க்‌ஷன், பைட் ஊட்டும் ஃபங்க்‌ஷன், முடிக்கும் ஃபங்க்‌ஷன், வெற்று ட்ரீயின் பெயர், வெற்று பிளாபின் (காலிக் கோப்பின்) பெயர், பூஜ்யப் பெயர். நிரலில் ‘ஷா-1’ என்ற சொல் இந்த அட்டவணையில் மட்டும் இருக்கட்டும். முதலில் ஒரே ஒரு வரிசையோடு, ஷா-1 மட்டும் போட்டு ஓட்டுங்கள்.

இது உலகளாவிய மாறியாக இருக்க வேண்டாம், களஞ்சியத்தோடு சேர்ந்ததாக இருக்கட்டும். எங்கள் கருவி இரண்டு களஞ்சியங்களை ஒரே நேரத்தில் திறக்கிறது. ஒன்று ஷா-1, ஒன்று ஷா-256. உலகளாவிய மாறி என்றால் இரண்டாவதைத் திறந்ததும் முதலாவது கெட்டுவிடும்.

ஐந்தாம் படி: களஞ்சியம் தன் வடிவத்தைத் தானே சொல்லட்டும்

ட்ரீ பொருளுக்குள் ஒவ்வொரு பதிவும் அனுமதி எண், இடைவெளி, பெயர், பூஜ்ய பைட், உடனே ஹாஷ் பைட்டுகள் என்று இருக்கும். ஹாஷ் எங்கே முடிகிறது என்பதற்குக் குறியே கிடையாது. நீளத்தை ஊகிக்கவே முடியாது. எனவே களஞ்சியத்தின் அமைப்புக் கோப்பைப் படித்தே தெரிந்துகொள்ள வேண்டும். கிட்டில் வடிவப் பதிப்பு எண் 1 ஆகவும், நீட்டிப்புப் பகுதியில் பொருள் வடிவம் ஷா-256 என்றும் எழுதப்படும். இது புரியாத பழைய கிட் திறக்க மறுத்துவிடும். உங்கள் கருவியும் மறுக்கட்டும். தெரியாத வடிவம் வந்தால் ஷா-1 என்று எடுத்துக்கொள்ளாமல், தெளிவாகச் சொல்லிவிட்டு நிற்க வேண்டும். என் கருவி அன்றைக்கு நின்றிருந்தால் எனக்கு அதுவே போதுமாக இருந்திருக்கும்.

ஆறாம் படி: சோதனை

சோதனைகளில் ஒட்டி வைத்த ஹாஷ்களை எடுத்துவிட்டு, ஓட்டத்தில் கணக்கிடுங்கள். முடியாத இடத்தில் ஒவ்வொரு ஹாஷுக்கும் தனி விடை கொண்ட பட்டியல் வையுங்கள், கிட் செய்வதும் அதுதான். வரிசைப்படுத்தலைச் சோதிக்கும் இடங்களைக் கவனியுங்கள். ஹாஷ் மாறினால் எது முன்னால் வரும் என்பதும் மாறும். சுருக்கப் பெயர் குழப்பமாவதைச் சோதிப்பவையும் அப்படியே.

அப்புறம் நான் செய்ததைச் சொல்கிறேன். ஷா-256-ஐச் சேர்ப்பதற்கு முன், சோதனைக்கு மட்டும் 27 பைட் நீளமுள்ள ஒரு பொய் ஹாஷை அட்டவணையில் சேர்த்தேன்: ஷா-256-ஐக் கணக்கிட்டு முதல் 27 பைட்டை எடுத்துக்கொள்வது. ஹெக்ஸில் 54. இந்த எண்ணுக்கு நிரலில் வேறு வேலையே இல்லை. 20 என்று எழுதிய இடமும் உடைந்தது, அவசரத்தில் 32 என்று எழுதிய இடமும் உடைந்தது. எங்கள் தாள் பட்டியலில் இல்லாத மூன்று இடங்கள் அப்படித்தான் அகப்பட்டன.

ஏழாம் படி: புது ஹாஷைச் சேர்ப்பது

இதற்கு அதிகம் எழுத ஒன்றுமில்லை. அட்டவணையில் இன்னொரு வரிசை, அவ்வளவுதான். எங்களுக்கு அது ஒரு மணி நேர வேலையாக இருந்தது. கிட்டில் 2020 அக்டோபரில் வந்த 2.29 பதிப்பில் ஷா-256 சோதனை முயற்சியாக வந்தது. 2023 ஆகஸ்டில் வந்த 2.42 பதிப்பில், இது இனி வெறும் சோதனை முயற்சி இல்லை என்று அறிவித்தார்கள்.

பழைய பெயர்களுக்கு மட்டும் ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். கமிட் செய்திகளிலும் மின்னஞ்சல்களிலும் ஷா-1 பெயர்கள் எழுதிக் கிடக்கும். அவற்றை யாரும் மாற்ற முடியாது. கிட்டின் மாற்றத் திட்டத்திலும் பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் இடையே ஒரு பெயர்ப்பு அட்டவணை உண்டு. அப்பா தன் செக்ரோலில் பழைய ஐசி எண்ணை அடிக்காமல், அதன் கீழே சிவப்பு மையில் புது எண்ணை எழுதி வைத்தார். அந்தப் பக்கங்களைத்தான் நாங்கள் இப்போது ஸ்கேன் செய்கிறோம்.

வெளியிடும் வரிசையிலும் கவனம் வேண்டும். இரண்டு வடிவத்தையும் படிக்கத் தெரிந்த கருவி எல்லோருடைய கணினிக்கும் முதலில் போய்ச் சேர வேண்டும். அதன் பிறகுதான் புதிய வடிவத்தில் களஞ்சியம் உருவாக்க வேண்டும். எங்கள் வகுப்பில் எட்டு மடிக்கணினிகள். ஏழில் புதிய கருவி போட்டாகிவிட்டது. எட்டாவது வைத்திருக்கும் பிள்ளை ஈப்போவுக்குப் படிக்கப் போயிருக்கிறாள். அவள் விடுமுறைக்கு வரும்வரை பழைய ஏடுகளின் களஞ்சியம் ஷா-1-இலேயே இருக்கும்.